சித்தசுவாதீனமும் சட்டத்தரணியும்: ஒரு விமர்சன நோக்கு

சட்டத்தை ஓர் ஆக்கமாகக் கொண்டு படிக்கும் வழக்கம் எம்மிடையே பெரிதும் இல்லை. ஆயினும் சட்டமும் சொற்களால் ஆனதே. ஓர் ஆக்கத்தில் எவர் பேசுகிறார், எவரைப் பற்றிப் பேசப்படுகிறது, எவருக்கு வாய் மறுக்கப்பட்டுள்ளது என்பன விமர்சகன் கேட்கும் அடிப்படை வினாக்கள். இவ்வினாக்களைச் சட்டத்தை நோக்கியும் கேட்பது பொருத்தமுடையதே. அத்தகைய சட்டங்களுள் ஒன்றையும், அதனைக் கையாளும் சட்டத்தரணிகள் பெறவேண்டிய பயிற்சியையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலங்கையில் உளநோயுற்றோர் தொடர்பான அடிப்படைச் சட்டம் 1873ஆம் ஆண்டின் முதலாம் இலக்கக் கட்டளைச் சட்டமாகத் தோன்றியது. பிற்காலத்தில் அது உளநோய்கள் கட்டளைச் சட்டம் என்னும் பெயரைப் பெற்றது. அடுத்த ஆண்டிலேயே, அதாவது 1874இல், இந்நாட்டின் சட்டத்தரணிகளைப் பயிற்றும் சட்டக் கல்லூரியும் தோற்றம் பெற்றது. ஓராண்டு இடைவெளியிற் பிறந்த இவ்விரண்டும் ஒன்றையொன்று பெரிதும் அறியாமலே வளர்ந்தன எனலாம். உளநோயாளர் எனக் கருதப்படுபவரைக் காவலில் வைப்பதற்கான வழிமுறையைச் சட்டம் வகுத்தது. ஆனால் அவர் சார்பிற் பேசத் தகுதிபெற்ற ஒருவரை உருவாக்குவது எவ்வாறு என்பது அக்காலத்தின் கவலையாக இருக்கவில்லை.

இச்சட்டம் காட்டும் விசாரணைக் களத்திற் பேசுவோர் பலர். தகவல் தரும் பொலிசார் அல்லது உறவினர், பரிசோதித்துக் கருத்துரைக்கும் மருத்துவர், தீர்மானிக்கும் மாவட்ட நீதிபதி ஆகியோர் அவர்கள். எவரைப் பற்றியதோ அந்த விசாரணை, அவர் மாத்திரம் பேசுபவராக அன்றிப் பேசப்படும் பொருளாகவே அங்கு நிற்கின்றார். "சித்தசுவாதீனமற்றவர்" என்ற தொடரையே எடுத்து நோக்குவோம். காணி உறுதிகளில் "சுவாதீனம்" என்பது உடைமையைக் கைக்கொண்டிருத்தலைக் குறிக்கும். ஒரு காணி ஒருவர் சுவாதீனத்தில் இல்லையெனின் மற்றொருவர் சுவாதீனத்தில் இருத்தல் வேண்டும் என்பதே வழக்கு. உள்ளத்தின் சுவாதீனத்தை இழந்தவர் எனக் கூறப்படுபவரும் அவ்வாறே பிறர் சுவாதீனத்துக்கு உட்பட்டுவிடுகின்றார். சொல் தன் வேலையை விசாரணைக்கு முன்னரே செய்து முடித்துவிடுகின்றது.

கொழும்பிலே இவ்விடயத்துக்கு ஒரு புவியியலும் உண்டு. ஒருகொடவத்தைச் சந்தியிலிருந்து மேற்கே சிறிது தூரத்திற் புதுக்கடை நீதிமன்றங்கள் உள்ளன. கிழக்கே அம்பத்தளை வீதி வழியே வெல்லம்பிட்டி, கொட்டிகாவத்தை ஆகியவற்றைக் கடந்தால் அங்கொடை. கறுவாத்தோட்டத்திலிருந்த பழைய காப்பகத்துக்குப் பதிலாக 1926இல் அங்கு திறக்கப்பட்ட உளநோய் மருத்துவமனை இன்று தேசிய உளநல நிறுவகம் என வழங்கப்படுகின்றது. பெயர் மாறியபோதும் "அங்கொடை" என்ற ஊர்ப்பெயர் எமது அன்றாடப் பேச்சில் ஒரு வசைச் சொல்லாகவே நின்றுவிட்டது. நீதிமன்றத்துக்கும் அம்மருத்துவமனைக்கும் இடையிலான தூரம் ஒரு மணி நேரப் பஸ் பயணத்துக்கும் உட்பட்டது. எனினும் சட்டம் கற்போரின் பாடத்திட்டத்தில் அத்தூரம் இன்னும் முழுமையாகக் கடக்கப்படவில்லை.

தமிழ் மரபில் இதற்கு நேர்மாறான ஒரு நீதிமன்றக் காட்சி உண்டு. சேக்கிழாரின் பெரிய புராணத்தில், சுந்தரரின் திருமணத்தைத் தடுக்க வந்த முதியவர், சுந்தரர் தமக்கு வழிவழி அடிமை என வாதிடுகின்றார். சுந்தரர் அவரைப் பித்தர் என இகழ்ந்து, அவர் காட்டிய ஓலையையும் பறித்துக் கிழித்துவிடுகின்றார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குச் செல்கின்றது. கிழிக்கப்பட்டது படியோலை என்றும் மூல ஓலை தம்மிடம் உள்ளது என்றும் முதியவர் கூறுகின்றார். சபையோர் அவ்வோலையை வாங்கி, சுந்தரரின் பாட்டனாருடைய வேறு கையெழுத்தோடு ஒப்புநோக்கி, முதியவர் பக்கமே தீர்ப்பளிக்கின்றனர். பக்தி நோக்கில் இதற்குக் கூறப்படும் பொருள் வேறு. ஆனால் நீதிமுறை நோக்கில் மனங்கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. ஒருவர் பித்தர் என அழைக்கப்பட்டமை அவருடைய வழக்கைக் கேளாது விடுவதற்குப் போதிய காரணமாக அச்சபைக்குத் தோன்றவில்லை. வழக்கு வினோதமானது என்று வியந்தபோதும் ஆவணத்தைக் கேட்டுப் பெற்று ஆராய்ந்தது. இந்த நிதானத்தையே இன்றைய சட்டத்தரணிக்கும் நாம் கற்பிக்க வேண்டியுள்ளது.

கேளாது விடுவதன் விளைவு எத்தகையது என்பதற்குக் கற்பனை வேண்டியதில்லை. இந்தியாவின் அசாம் மாநிலத்தில் 1951இல் ஒருவர் தம் 23ஆவது வயதிற் கைது செய்யப்பட்டு, உளநோயாளர் எனத் தேஸ்பூர் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். 1967இல் அவர் குணமடைந்தார் என மருத்துவமனை சான்றளித்தது. அதன் பின்னும் வீட்டுக்கு அனுப்பப்படாது சிறைக்கு மாற்றப்பட்டார். வழக்கு விசாரணை எதுவுமின்றி ஐம்பத்து நான்கு ஆண்டுகள் கழிந்த பின்னர், 2005இல், ஒரு ரூபாய்ப் பிணையில் விடுதலையானார். பீகாரின் ஹசாரிபாக் சிறையிலும் இவ்வாறே, உளநோய் நீங்கிய பின்னரும் இருபது, முப்பது ஆண்டுகள் அடைபட்டிருந்தோர் கண்டறியப்பட்டனர். 1982இல் அங்கிருந்த இலவச சட்ட உதவிக் குழுவொன்று எழுதிய கடிதத்தையே மனுவாக ஏற்று இந்திய உச்ச நீதிமன்றம் தலையிட்டது. இவர்களை வருத்தியவர் என ஒரு கொடியவரைச் சுட்டுதல் அரிது. மருத்துவர் தம் சான்றிதழை எழுதினார். சிறை அதிகாரி தம் பதிவேட்டைப் பேணினார். "இவர் ஏன் இன்னும் இங்கே இருக்கின்றார்?" என்று கேட்பதைத் தொழிலாகக் கொண்ட ஒருவர் மாத்திரம் அங்கு இருக்கவில்லை.

அவ்வாறாயின் ஒவ்வொருவருக்கும் ஒரு சட்டத்தரணியை அமர்த்திவிட்டாற் போதுமா என்பது அடுத்த வினா. போதாது என்பதே எமது கருத்து. சட்டத்தரணி தம் கட்சிக்காரரின் விருப்பத்தை எடுத்துரைப்பவரா, அவருடைய நன்மை எதுவெனத் தாமே தீர்மானிப்பவரா என்பது தெளிவாகாதவரை அவருடைய வருகை பயன் தராது. பிற வழக்குகளில் இவ்வினா எழுவதில்லை. கடன் வழக்கிற் கட்சிக்காரர் மேன்முறையீடு செய்ய விரும்பின், அது வீண் முயற்சி என அறிவுரை கூறலாம். ஆனால் அவரை மீறி எதிர்க்கட்சியோடு உடன்பட்டுவிடுவதில்லை. உளநோயாளரின் வழக்கில் மாத்திரம், "அவருக்கு மருத்துவமனையே நல்லது" என்று சட்டத்தரணியும் தலையசைத்துவிடுவது கருணையாகத் தோன்றுகின்றது. மருத்துவர் அவருடைய நன்மையைப் பேசுகின்றார். உறவினரும் நன்மையைப் பேசுகின்றனர். நீதிபதியும் அதனையே நாடுகின்றார். சட்டத்தரணியும் அவ்வணியிற் சேர்ந்துகொண்டால் அம்மண்டபத்தில் அவருடைய விருப்பத்தைப் பேச எவரும் மிஞ்சமாட்டார்.

இதற்கு எதிராக ஒரு வலுவான வாதம் உண்டு. அதனை ஒதுக்கிவிடுதல் தகாது. நோயின் உச்சத்திலுள்ள ஒருவர் உணவை நஞ்சென மறுக்கலாம். தம் உயிரையே போக்கிக்கொள்ள முயலலாம். அவருடைய விருப்பத்தை வென்று கொடுக்கும் சட்டத்தரணி அவரது அழிவுக்குத் துணைபோகின்றார் அல்லவா? இவ்வாதம் சட்டத்தரணியின் பணியையும் நீதிபதியின் பணியையும் ஒன்றாக்கிவிடுகின்றது. தீர்மானிப்பவர் நீதிபதி. எதிர்வாதத்தைக் கேட்ட பின்னர் இடப்படும் கட்டளை, கேளாது இடப்படும் கட்டளையிலும் பாதுகாப்பானது. மேலும், சட்டத்தரணி "விடுதலை" என்ற ஒற்றைச் சொல்லையே பேச வேண்டியவர் அல்லர். காவலுக்குப் பதிலாக வெளிநோயாளர் சிகிச்சை, குறுகிய கால அவதானிப்பு, கட்சிக்காரர் நம்பும் ஒருவரின் பொறுப்பு ஆகிய இடைவழிகளைத் தேடி அவற்றை மன்றின் முன் வைப்பதும் அவர் கடனாகும். கட்சிக்காரரால் எதனையும் வெளியிட முடியாத நிலையில், அவர் முன்னர் கூறியவற்றையும் வாழ்ந்த முறையையும் அறிந்து, அவருடைய உரிமையை ஆகக் குறைவாகப் பாதிக்கும் வழியைக் கோருதல் தகும்.

குற்றவியல் வழக்குகளில் இச்சிக்கல் மேலும் கூர்மையடைகின்றது. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையின் 77ஆம் பிரிவு, சித்தசுவாதீனமின்மையால் தம் செயலின் தன்மையை அறிய இயலாதவரைக் குற்றப்பொறுப்பிலிருந்து விலக்குகின்றது. ஆனால் அவ்வாறு விடுவிக்கப்படுபவர் வீடு திரும்புவதில்லை. பாதுகாப்பான காவலுக்கே அனுப்பப்படுகின்றார். அக்காவலுக்குச் சிறைத்தண்டனை போன்று முன்கூட்டியே வகுத்த முடிவுநாள் இல்லை. சிறுகுற்றம் ஒன்றிற் சில மாதச் சிறையோடு முடியக்கூடிய வழக்கு, சட்டத்தரணியின் "வெற்றியால்" நீண்ட அடைப்பாக மாறிவிடலாம். இதனைக் கட்சிக்காரருக்கு விளங்க உரைத்து, அவருடைய தெரிவைப் பெறாது அந்த எதிர்வாதத்தை எழுப்புதல் முறையாகாது. இந்நாட்டில் 1998 வரை தற்கொலை முயற்சியே தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது என்பதையும் ஈண்டு நினைவுகூர்தல் தகும். நொந்த உள்ளத்தினர் நோயாளராகவன்றிக் குற்றஞ்சாட்டப்பட்டவராகவே மன்றில் நின்ற காலம் வெகு தொலைவில் இல்லை.

எனவே பயிற்சி என்பது சில பிரிவுகளை மனனம் செய்விப்பது அன்று. முதலாவது, செவிமடுத்தற் பயிற்சி. தம் கட்சிக்காரர் மெய்யல்லாத ஒன்றை மெய்யென நம்பும்போது அதனை நகையாடுதலும் தவறு. ஆமெனப் பொய்யாக ஒத்துக்கொள்ளுதலும் தவறு. அயலவர் தமக்கு நஞ்சூட்டுகின்றனர் என நம்பும் ஒருவர், "நான் என் தாயிடம் போகவேண்டும்" எனக் கூறுவாராயின், முன்னையது மயக்கமாக இருந்தபோதும் பின்னையது தெளிவான விருப்பமாக இருக்கலாம். இரண்டையும் பிரித்தறியும் ஆற்றல் வேண்டும். மருந்தின் மந்தத்தால் ஒரு நாள் பேசாதவர் மற்றொரு நாள் பேசுவார். ஆகவே ஒரே நீண்ட சந்திப்பிலும் பல குறுஞ் சந்திப்புகள் பயனுடையன.

இரண்டாவது, மருத்துவ அறிக்கையை வினவும் பயிற்சி. நோயின் பெயர் வேறு, தீர்மானிக்கும் ஆற்றல் வேறு. தம் ஓய்வூதியக் கணக்கை நிர்வகிக்க இயலாதவர் எங்கு வாழ்வது என்பதைத் தெரிவு செய்ய வல்லவராக இருக்கலாம். எந்தத் தீர்மானம், எந்தக் காலத்தில், எந்த அவதானத்தின் அடிப்படையில் என்று கேட்கத் தெரியாத சட்டத்தரணி மருத்துவரின் ஒரு வரியைத் தீர்ப்பாகவே ஏற்றுவிடுவார்.

மூன்றாவது, கட்சிக்காரர் யார் என்பதை மறவாதிருக்கும் பயிற்சி. எமது சமூகத்தில் நோயுற்றவரைச் சட்டத்தரணியிடம் அழைத்து வருபவரும் கட்டணம் செலுத்துபவரும் பெரும்பாலும் உறவினரே. அவர்களுடைய அன்பை ஐயுறுதல் அநீதி. எனினும் காணியும் சீதன வீடும் உள்ள குடும்பத்தில் அன்பும் நலனும் பின்னிக் கிடக்கலாம். உறவின் பொறுப்பு மாத்திரமே போதிய காவலாகாது என்பதைத் தமிழகத்தின் ஏர்வாடி காட்டிற்று. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி அங்கு மூண்ட தீயில், சங்கிலியாற் பிணைக்கப்பட்டிருந்த உளநோயாளர் 28 பேர் மாண்டனர்.

நான்காவது மொழிப் பயிற்சி. இதுவே தமிழ்ச் சங்க மலர் ஒன்றில் இக்கட்டுரை இடம்பெறுவதற்கான நியாயமுமாகும். தமிழ் பேசுவோர் உள்ளத்தின் துயரை உடலின் மொழியிலேயே பெரிதும் கூறுவர். நெஞ்சு எரிகிறது, தலை விறைக்கிறது, உடம்பெல்லாம் சோர்ந்து கிடக்கிறது என்பர். சிலர் தெய்வத்தையும் பேயையும் கொண்டு விளக்குவர். இவை பண்பாடு தந்த சொற்கள். தாமே நோயின் அறிகுறிகள் அல்ல. வேறு மொழியில் நடைபெறும் விசாரணையில் மொழிபெயர்ப்பாளரைப் பெறும் உரிமையை அரசியலமைப்பு வழங்குகின்றது. ஆனால் "விசர்" என்ற ஒரே சொல் கோபத்தையும் சலிப்பையும் நோயையும் குறிக்கும் என்பதை அறியாத மொழிபெயர்ப்பினால் ஒருவர் தம் வாயாலேயே தம்மை நோயாளராக்கிக்கொள்ள நேரிடும்.

இக்கோரிக்கைகள் மிகையானவை அல்ல. இங்கிலாந்தில் உளநலத் தீர்ப்பாயங்களின் முன் தோன்றும் சட்டத்தரணிகளுக்கெனத் தனித் தகுதிச்சான்று முறை உண்டு. இந்தியாவின் 2017ஆம் ஆண்டு உளநலப் பராமரிப்புச் சட்டம் உளநோயுற்றோருக்கு இலவச சட்ட சேவையை உரிமையாக்கியது. இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்த, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தின் 13ஆம் உறுப்புரை, நீதி நிர்வாகத்திற் பணிபுரிவோருக்குத் தகுந்த பயிற்சி அளிக்கப்பட வேண்டும் எனக் கூறுகின்றது. 2005இல் வகுக்கப்பட்ட தேசிய உளநலக் கொள்கை புதிய சட்டம் ஒன்றை எதிர்நோக்கியது. அடுத்த பதினைந்து ஆண்டுகளிலும் அது நிறைவேறவில்லை. ஆனால் பயிற்சிக்குப் புதிய சட்டம் தேவையில்லை. 1978ஆம் ஆண்டின் சட்டத்தாற் பிறந்த சட்ட உதவி ஆணைக்குழு உண்டு. சட்டக் கல்லூரியும் சட்டப் பீடங்களும் உண்டு. மூத்த சட்டத்தரணி ஒருவரின் மேற்பார்வையில், நோயாளரின் சம்மதத்தோடு, மாணவர் அவரைச் சந்தித்து அவர் கூறியதை அவர் சொற்களிலேயே எழுதிப் பழகும் ஒரு பாடநெறியை இவை இணைந்து தொடங்கலாம்.

இதிற் கலைப்பீடத்தாருக்கும் பங்குண்டு. உள்ளத்தின் துயர் குறித்துத் தமிழ் பேசுவோர் வெவ்வேறு ஊர்களில் வழங்கும் சொற்களையும் தொடர்களையும் திரட்டி, அவற்றின் பொருள் வேறுபாடுகளை விளக்கும் சிறு சொற்றொகுதி ஒன்று மொழிபெயர்ப்பாளருக்கும் சட்டத்தரணிகளுக்கும் உடனடியாகப் பயன்படும். அதனைத் தொகுக்கும் தகுதி தமிழ் கற்கும் மாணவருக்கே உரியது. எமது சங்கம் வரும் ஆண்டில் இப்பணியை மேற்கொள்ளுமாயின், அது இலக்கியக் கல்வி சமுதாயத்துக்கு ஆற்றும் தொண்டாக மாத்திரமன்றி, கேட்கப்படாது நிற்கும் ஒருவர் தம் வழக்கைக் கூறுவதற்கு நேர்த்துணையாகவும் அமையும்.