அதுல் டோடியாவின் ‘மகாலட்சுமி’: ஷட்டரும் நிலைக்கதவும்

பெருநகர வாழ்வைப் பொருளாகக் கொண்ட தற்கால இந்திய ஓவியர்களுள் அதுல் டோடியா குறிப்பிடத்தக்கவர். 1959இல் மும்பையில் பிறந்து, சர் ஜே.ஜே. கலைப்பள்ளியில் பயின்ற இவர், 2000ஆம் ஆண்டையொட்டிக் கடைகளின் இரும்பு ஷட்டரையே ஓவியத்தளமாக ஏற்றார். இலண்டன் டேட் மாடர்ன் அருங்காட்சியகம் 2001இல் நடத்திய ‘செஞ்சுரி சிட்டி’ கண்காட்சியின் மும்பைப் பிரிவில் இவருடைய படைப்பும் இடம்பெற்றது. ஷட்டர் அன்றாட வணிகத்தின் கருவி. கலவரக் காலத்தில் அச்சத்தின் அடையாளம். 1992–93 கலவரங்களைக் கண்ட நகரில் அது இறங்கும் ஓசைக்கு இவ்விரு பொருளும் உண்டு.

‘மகாலட்சுமி’ (2002) என்னும் படைப்பில், மூடிய ஷட்டரின்மேல் நாட்காட்டிப் படச் சாயலில் திருமகள் காட்சி தருகிறாள். ஷட்டர் உயர்ந்ததும், வரதட்சணை கொடுக்க இயலாக் குடும்பத்தில் உயிர்மாய்த்துக்கொண்ட மூன்று சகோதரியர் உள்ளே தென்படுகின்றனர். செல்வத்தின் தெய்வம் விலகினாலன்றிச் செல்வத்தின் கொடுமை புலப்படுவதில்லை. வண்ணத்தாலன்றி, திறத்தல் மூடுதல் என்னும் செயலாலேயே இப்பொருள் உணர்த்தப்படுகிறது.

இப்படைப்பைச் செட்டிநாட்டிலிருந்து நோக்குவார்க்கு இது அயலூர்ச் செய்தியன்று. இரவிவர்மாவின் அச்சகம் 1894இல் மும்பையில்தான் தொடங்கப்பட்டது. அவர்தம் அச்சுப்படங்கள் செட்டிநாட்டு வீடுகளின் சுவர்களை இன்றும் அணிசெய்கின்றன. நிலைக்கதவின் மேல் கஜலட்சுமி. உள்ளறைகளில் மகளுக்கெனச் சேர்த்த சீர்ப் பாத்திரங்கள். காரைக்குடிச் செக்காலைச் சாலையில் இரவில் இறங்கும் ஷட்டர்களுக்கும் அந்த நிலைக்கதவுக்கும் வடிவத்தில் ஒற்றுமை இல்லை. எனினும் மங்கலத்தை வாயிலில் நிறுத்திக் கணக்கை உள்ளே வைக்கும் வழக்கம் இரண்டுக்கும் பொது. வரதட்சணைத் தடைச் சட்டம் 1961இலேயே இயற்றப்பட்டும் அக்கணக்கு முடிந்தபாடில்லை.

இப்படைப்பின்மீது ஒரு தடையும் எழுப்பலாம். மாண்ட பெண்கள் இங்குத் திடீரெனத் திறந்து காட்டப்படும் காட்சியாகச் சுருங்குகின்றனர். அவர்தம் வாழ்வு நம் பார்வைக்கு வருவதில்லை. அதிர்ச்சி ஒருமுறைக்கே உரியது. ஆயினும் ஷட்டர் மீண்டும் மூடக்கூடியது என்பதே இத்தடைக்கு ஓரளவு விடையாகிறது. உள்ளிருப்பதை அறிந்தபின் வெளியிலுள்ள திருமகளை முன்போல் வணங்க இயலாது. கண்டவரைக் காணாதவராக இருக்கவிடாமை இப்படைப்பின் வலிமை எனலாம்.