தசையும் வீரமும்: ‘ஐ’ திரைப்படத்தை முன்வைத்து

ஷங்கர் இயக்கி விக்ரம் நடித்த ‘ஐ’ 2015 பொங்கலுக்கு வெளிவந்தது. வருஷங்கள் போய்விட்டன. என்றாலும் எங்கட பொடியன்களின் போன்களில் அதன் உடற்பயிற்சிக் காட்சிகள் இன்னமும் ஓடிக்கொண்டிருக்கின்றன. விளையாட்டு, மருத்துவம், விளம்பரம் மூன்றும் ஆணின் உடலை எப்படிப் பார்க்கின்றன என்பதை ஒரே கதைக்குள் காட்டும் படம் என்பதால், அதை மீண்டும் எடுத்துப் பேச வேண்டியிருக்கிறது.

கதை தெரிந்ததுதான். லிங்கேசன் ஓர் ஆணழகன். மிஸ்டர் தமிழ்நாடு பட்டம் வென்று, பிறகு விளம்பர மொடலாகிறான். அவன்மேல் வன்மம் கொண்டவர்கள் கூட்டுச்சேர்ந்து அவன் உடலில் ஒரு வைரஸை ஏற்றுகிறார்கள். அவர்களில் ஒருவர் வைத்தியர். கூன் விழுந்து, முகம் வீங்கி, ஆளே மாறிப்போகிறான் லிங்கேசன். பிறகு அவன் பழிவாங்குகிறான். யாரையும் கொல்வதில்லை, ஒவ்வொருவரையும் உருக்குலைக்கிறான். உருக்குலைந்தவர்களை அவனுடைய நண்பன் பேட்டி காண்பது படத்தில் நகைச்சுவைக் காட்சி.

அழகு நிலையில்லாதது என்று சொல்ல வந்த படம்போலத்தான் தோன்றும். ஆனால் அதன் கமெரா சொல்வது வேறு. திரண்ட தசை நல்லவனுக்குக் கிடைத்த பரிசு. கூனும் தழும்பும் தண்டனை. சாவைவிட விகாரமே பெரிய தண்டனை என்பதுதான் இந்தப் பழிவாங்கலின் தர்க்கம். காதலி அவனை அந்த உருவத்தோடே ஏற்றுக்கொண்டதும் படத்துக்குப் போதவில்லை. கடைசியில் சிகிச்சையால் பழைய உடம்பைத் திருப்பிக் கொடுத்தே அனுப்புகிறது.

இந்தப் படத்தை வன்னியில் இருந்து பார்க்கும்போது சிரிப்பு வருவதில்லை. செயற்கைக் காலோடு சைக்கிள் ஓடுபவர், ஷெல் துண்டை உடம்பிலே வைத்துக்கொண்டு வயல் செய்பவர், முகத்தில் எரிகாயத் தழும்போடு சந்தைக்கு வரும் பெண் எல்லாம் எங்களோடு வாழும் மனிதர்கள். இங்கே சிதைந்த உடல் எந்தப் பாவத்துக்கும் தண்டனையல்ல. அதைத் தண்டனையாகவும் பகிடியாகவும் காட்டுகிற கலையை நாங்கள் கேள்வி கேட்காமல் விட்டால், அதன் கண்ணாலேயே எங்கட பிள்ளைகளும் அயலவரைப் பார்க்கப் பழகுவார்கள்.

இந்தக் கண்ணுக்கும் ஒரு வரலாறு உண்டு. யூஜின் சாண்டோ (1867–1925) மேடையில் தன் தசைகளையே காட்சியாக்கிப் பெயர் பெற்றவர். 1901இல் லண்டனில் பெரிய அளவில் உடலழகுப் போட்டி ஒன்றையும் நடத்தினார். அவருடைய பெயர் தமிழில் பட்டமாகவே மாறியது. படத் தயாரிப்பாளர் ‘சாண்டோ’ சின்னப்பா தேவரை எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதே காலத்தில் வேறொரு மரபும் இருந்தது. குலாம் முஹம்மது என்ற காமா பயில்வான், 1928இல் பட்டியாலாவில் ஸ்பிஸ்கோ என்ற போலந்து மல்லரை ஒரு நிமிஷத்துக்குள் வீழ்த்தினார். காமாவின் உடம்பு மல்யுத்தம் செய்வதற்கான உடம்பு. கண்ணாடிக்கு முன்னால் வரிவரியாகச் செதுக்கியதல்ல. இன்றைய ஆணழகன் மேடையில் அவருக்கு இடமே கிடைத்திராது. செய்கைக்கான வலிமை பார்வைக்கான தசையாக மாறியதைத்தான் லிங்கேசனில் நாம் காண்கிறோம்.

மருத்துவம் இந்த மாற்றத்தின் விலையைக் கண்டுகொண்டிருக்கிறது. உடம்பு நன்றாகத் திரண்டிருந்தும் ‘நான் மெலிவு’ என்றே நம்பி வதைபடும் நிலையை, அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் 2013ஆம் ஆண்டுக் கைநூல் உளநோய்களுக்குள் சேர்த்திருக்கிறது. தசைக்காக ஸ்டீரோய்ட் ஊசி போடும்போது உடல் தன் சொந்த ஆண் ஹோர்மோனைச் சுரப்பதைக் குறைத்துவிடுகிறது. விதைகள் சுருங்கலாம், பிள்ளைப்பேறு தடைப்படலாம், இதயத் தசை தடிக்கலாம். படத்தில் ஊசி ஏற்றுபவன் வில்லன். வெளியே அந்த ஊசியைக் காசு கொடுத்துத் தேடிப் போவது நாங்கள் பெற்ற பிள்ளையாகவும் இருக்கலாம். ‘சேர், இது வெறும் பவுடர்தானே’ என்று கேட்கிற பிள்ளைக்கு, எது புரதம், எது ஹோர்மோன் என்று பிரித்துச் சொல்லிக்கொடுக்கும் கடமை எங்களுக்கிருக்கிறது.

உடலைப் பேணுவதை மார்க்கம் தடுக்கவில்லை. ருகானாவோடு நபி (ஸல்) அவர்கள் மல்யுத்தம் செய்த செய்தி ஹதீஸில் உண்டு. ஆனால் மற்றவனை வீழ்த்துபவன் அல்ல, கோபம் வரும்போது தன்னை அடக்கிக்கொள்பவனே வீரன் என்றும் அவர்கள் வரையறுத்தார்கள். லிங்கேசனின் அத்தனை தசையும் இந்த ஓர் இடத்தில் தோற்றுப்போகிறது.

1990இல் துரத்தப்பட்டு, யுத்தம் முடிந்து திரும்பி வந்து, காடாகிக் கிடந்த வளவுகளைத் தண்ணீரூற்றிலும் நீராவிப்பிட்டியிலும் வெட்டித் துப்புரவாக்கிய வாப்பாமாரின் கைகளிலும் தசை இருந்தது. அதை யாரும் படம் எடுக்கவில்லை.