சரக்கை வெளியாளிடம் ஒப்படைக்கும்போது

வேலையை வெளியே கொடுப்பது திருப்பூருக்குப் புதிதல்ல. நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், காம்பாக்டிங் ஓரிடம் என்று பல வாசல் ஏறி இறங்கித்தான் ஒரு பனியன் பெட்டிக்குள் போகிறது. துணியை எடை போட்டு, சலான் எழுதி அனுப்புவார்கள். திரும்பி வந்ததும் மறுபடி எடை போட்டு, ப்ராசஸ் லாஸ் எவ்வளவு என்று கணக்குக் கேட்பார்கள். இவ்வளவு கறாரான கொங்கு வியாபாரி, ஆன்லைனில் சொந்த பிராண்டு தொடங்கியதும், சரக்கை வைத்துப் பேக் செய்து அனுப்பும் வேலையைக் கட்டணப் பட்டியலை மட்டும் பார்த்து ஒரு கிடங்கு நிறுவனத்திடம் ஒப்படைத்துவிடுகிறார். என் விமர்சனம் இதன் மேல்தான்.

ஒப்படைப்பதே தவறு என்று சொல்லவில்லை. கோவையில் 2014-இல் தொடங்கிய ஜூசி கெமிஸ்ட்ரி போன்ற பிராண்டுகள், இங்கிருந்தபடியே நாடு முழுக்க விற்க முடியும் என்று காட்டிவிட்டன. டெல்லியில் சரக்கு இருந்தால் டெல்லிக்காரருக்கு மறுநாளே கிடைக்கும். தீபாவளி நெருக்கடியில் பேக்கிங்குக்கு ஆள் தேடி அலைய வேண்டாம். பல பிராண்டுகளின் பார்சலைச் சேர்த்து அனுப்புவதால் கூரியர் கட்டணமும் குறையும். உண்மையான லாபங்கள் இவை.

ஆனால் செலவு வேறு இடத்தில் ஒளிந்திருக்கிறது. கூரியர்காரர்கள் பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கிப் பெரும்பாலும் 5000-ஆல் வகுப்பார்கள். அந்த எண்ணும் உண்மை எடையும், எது அதிகமோ அதற்குத்தான் பில். சென்னிமலை பெட்ஷீட் ஒன்றை 30×25×10 பெட்டியில் வைத்தால் ஒன்றரைக் கிலோ. கிடங்கில் கைக்குக் கிடைத்த 40×30×15 பெட்டியில் வைத்தால் 3.6 கிலோ. சரக்கு ஒன்றுதான், பில் இரண்டு மடங்குக்கு மேல். பெட்டி அளவை ஒப்பந்தத்தில் எழுதாதவர் ஒவ்வொரு பார்சலுக்கும் இதைக் கட்டுகிறார்.

வரியும் உண்டு. வேறு மாநிலக் கிடங்கில் சரக்கு வைத்தால் அங்கே ஜிஎஸ்டி பதிவு வேண்டும். விற்கும் முன்பே, சரக்கை அனுப்பும்போதே ஐஜிஎஸ்டி விழும். கிரெடிட் பின்னால் கிடைக்கும் என்றாலும் சிறு முதலாளியின் பணம் அதுவரை முடங்கும். மஞ்சள்தூளோ தேங்காய் எண்ணெயோ என்றால் அந்தக் கிடங்குக்கு உணவுப் பாதுகாப்பு உரிமமும் வேண்டும்.

எல்லாவற்றையும்விட ரிட்டர்ன்தான் ஒரு கிடங்கின் தரத்தைக் காட்டும் இடம். கேஷ் ஆன் டெலிவரியில் வாங்க மறுத்த பார்சலுக்குப் போக, வர இரண்டு கட்டணம். திரும்பி வந்த டி-சர்ட்டை யாராவது பிரித்து, காலரில் பவுடர் கறை இருக்கிறதா, டேக் அறுந்திருக்கிறதா என்று பார்த்து, மடித்துப் புது கவரில் போட்டால் அது மறுபடி சரக்கு. பார்க்காமல் மூலையில் குவித்தால் கணக்கில் மட்டும் இருக்கும் சரக்கு. பார்க்காமலே அடுத்தவருக்கு அனுப்பினால் பிராண்டின் பெயர் போயிற்று. கட்டணப் பட்டியலில் இந்த வேலைக்கு ஒரு வரிகூட இல்லாத நிறுவனத்தை நான் நம்பமாட்டேன்.

ஒரே கூரியரை நம்பியிருப்பதும் ஆபத்து. 2022-இல் டெல்லிவரி என்ற கூரியர் நிறுவனம், தான் வாங்கிய ஸ்பாட்டான் நிறுவனத்தைத் தன்னோடு இணைத்தபோது அதன் சரக்குப் போக்குவரத்து தடுமாறியது. 2025-இல் இன்னொரு கூரியரான ஈகாம் எக்ஸ்பிரஸையும் அதே நிறுவனம் வாங்கியது. கூரியர் சந்தை சுருங்கும் காலத்தில், மாற்று வழி எது என்று கிடங்குக்காரரிடம் கேட்டே ஆக வேண்டும்.

சோப்பு, பனியன் போலச் சின்னதாக, அன்றாடம் ஓடும் சரக்கைத் தாராளமாக வெளியே கொடுக்கலாம். பவானி ஜமக்காளம், கோவை கிரைண்டர் போன்ற கனச் சரக்கை, ஆர்டர் பெருகும்வரை சொந்தக் குடோனிலேயே வைப்பது நல்லது. எதுவானாலும் முதல் கிடங்கு, காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் பார்த்துத் திரும்பும் தூரத்தில் இருக்கட்டும். சாயப்பட்டறைக்குக் கொடுப்பதுபோல முதலில் ஒரு சின்ன லாட் கொடுத்து, மாதக் கடைசியில் நீங்களே போய் எண்ணிப் பாருங்கள். விலகினால் எத்தனை நாளில் சரக்கும் வசூல் பணமும் திரும்ப வரும் என்பதை எழுத்தில் வாங்கிய பிறகே கையெழுத்துப் போடுங்கள்.