கோவா முற்றும்வரை பொறுக்காத கடன்

2006இல் முகமது யூனுஸுக்கும் கிராமீன் வங்கிக்கும் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்ததிலிருந்து, ஏழைப் பெண்களுக்குக் குழுக்கடனே கதி என்ற வாதத்தைப் பலரும் கேள்வி கேட்பதில்லை. லிந்துலைத் தோட்டங்களிலும் அதே பேச்சுத்தான்: லயத்தோரம் மரக்கறி போடுகிறவளுக்கு வேறு யார் கடன் தரப் போகிறார்கள்?

கேள்வி நியாயமானதுதான். தோட்டக் காணி அரசுடையது, கம்பனிகளிடம் குத்தகையில் இருக்கிறது. அதைக் கொத்திப் பயிரிடுகிறவளிடம் உறுதி கிடையாது. உறுதியும் பிணையாளியும் கேட்கும் வங்கியில் அவளுக்கு வேலையில்லை. நுண்கடன்காரர் லயத்து வாசலுக்கே வந்து, அவள் பெயரிலேயே கடன் கொடுக்கிறார். அவ்வளவுக்கு நல்லது.

ஆனால் அதை விவசாயக் கடன் என்று சொல்லக் கூடாது. கோவா நாற்று நட்டு வெட்டுக்கு வர ஏறக்குறைய மூன்று மாதம். லீக்ஸுக்கு இன்னும் கூட. தவணையோ பெரும்பாலும் வாரா வாரம், கடன் வாங்கிய சூட்டோடு தொடங்கிவிடும். முதல் கோவாவை வெட்டுமுன் பன்னிரண்டு தவணையாவது கட்டியாக வேண்டும். எதிலிருந்து? கொழுந்துச் சம்பளத்திலிருந்து, அதுவும் மாதம் ஒருமுறைதான் கைக்கு வரும். கொழுந்து குறைந்து, அரைநாள் சம்பளமான அரைப்பேர் விழுந்த மாதத்தில் தோடு அடகுக்கடைக்குப் போகிறது. இதை முன்கூட்டியே அறிந்தவள், பசளைக்கு வாங்கிய பணத்திலேயே நாலைந்து தவணைக்காசை முடிந்து வைக்கிறாள். பாத்திக்குப் பசளை பற்றாமல் போகிறது. விளைச்சலுக்காக வாங்கிய கடனே விளைச்சலைக் குறைக்கிறது.

நாம் திட்டித் தீர்க்கும் மரக்கறி வியாபாரி, விதையும் பசளையும் முன்னால் கொடுத்து விலையில் அடிக்கிறார், உண்மை. ஆனால் வெட்டும்வரை காத்திருக்கிறார். பயிரின் காலத்தை அறிந்த அந்த ஒரு விஷயத்தில் நுண்கடன் நிறுவனத்தைவிட அவரே மேல்.

கடன் முழுதாகத் திரும்பி வருகிறதே என்று பெருமையாகக் கணக்குக் காட்டுவார்கள். ஒருத்தி தவறினால் குழுவில் மற்றவர்கள் கட்ட வேண்டும். நாளை காலை அதே மலையில் அவர்களோடுதான் கொழுந்தெடுக்கவும் வேண்டும். அந்தக் கூச்சமே பணத்தை வசூலிக்கிறது. கோவா விளைந்ததா, அழுகியதா என்று அந்தக் கணக்குச் சொல்லாது.

2018இல் அரசு இதை வட்டிப் பிரச்சினையாகவே பார்த்தது. 35 வீத உச்சவரம்பு விதித்தது. வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சம் ரூபா வரையான நிலுவைக் கடன்களுக்கு நிவாரணம் அறிவித்தது. லிந்துலை இருக்கும் நுவரெலியா அந்தப் பட்டியலில் இல்லை. இருந்திருந்தாலும் அடுத்த கடனின் தவணை அடுத்த வாரமே தொடங்கியிருக்கும்.

நுண்கடனை ஒழுங்குபடுத்தச் சட்டம் எழுதுகிறவர்கள் வட்டியோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். மரக்கறிக்கென்று கொடுக்கும் கடனுக்கு முதல் தவணை முதல் வெட்டுக்குப் பிறகுதான் என்று அதில் எழுதுங்கள்.