மதுக்கூடத்து மேடை: ஆஸ்திரேலிய ‘பப் ராக்’ மரபின் வலிமையும் குறைகளும்

மின்கிட்டார், பேஸ் கிட்டார், டிரம்ஸ், உரத்த குரல் ஆகியவற்றால் இயங்கும் ராக் இசைக்கு 1970களிலும் 1980களிலும் ஆஸ்திரேலியாவில் முதன்மையான களமாக அமைந்தவை அந்நாட்டு மதுக்கூடங்களே ஆகும். பீர் விற்பனையை முதல் தொழிலாகக் கொண்ட விடுதியின் கூடத்தில், நின்றபடியே குடித்தும் கேட்டும் ஆடியும் இரவைக் கழிக்கும் கூட்டத்தின் முன் குழுக்கள் நேரடியாக இசைத்து வளர்ந்த இம்மரபு ‘பப் ராக்’ என்று வழங்கப்படுகிறது. ஏசி/டிசி, கோல்ட் சிசெல், தி ஏஞ்சல்ஸ், மிட்நைட் ஆயில், இன்எக்ஸஸ் ஆகிய குழுக்கள் உலக மேடைகளுக்குச் செல்லுமுன் இக்கூடங்களில்தான் தேறின. இம்மரபின் வலிமை, குறை ஆகிய இரண்டுமே, இசைக்கலைஞரின் பிழைப்பு மது விற்பனையோடு பிணைக்கப்பட்டதிலிருந்து தோன்றியவை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இப்பிணைப்பின் பின்னணியைப் புரிந்துகொள்ள ஒரு பழைய சட்டத்திலிருந்து தொடங்க வேண்டும். முதல் உலகப்போரின்போது, 1916இல், நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா, தெற்கு ஆஸ்திரேலியா ஆகிய மாநிலங்களில் மதுக்கூடங்கள் மாலை 6 மணிக்கே மூடப்பட வேண்டும் என்ற விதி வந்தது. வேலை முடிந்து வந்த தொழிலாளர்கள் எஞ்சிய ஒரு மணி நேரத்துக்குள் இயன்றவரை குடித்துத் தீர்க்கும் பழக்கம் அதனால் வேரூன்றியது. இருக்கைகள் அகற்றப்பட்டன, சுவர்களில் கழுவுவதற்கு எளிதான ஓடுகள் பதிக்கப்பட்டன. இவ்விதி நியூ சவுத் வேல்ஸில் 1955இலும் விக்டோரியாவில் 1966இலும் தெற்கு ஆஸ்திரேலியாவில் 1967இலும் நீக்கப்பட்டபோது, நீண்ட மாலை நேரத்தில் வாடிக்கையாளரை இருத்தி வைக்க உரிமையாளருக்கு ஏதேனும் ஒரு கேளிக்கை தேவைப்பட்டது. புறநகர்களில் எழுந்த பெரிய மதுக்கூடங்கள் ராக் குழுக்களை அழைத்தன. மக்களைச் சேர்ப்பதற்காகவும் தாகத்தை வளர்ப்பதற்காகவும் வரவழைக்கப்பட்ட இசை என்பதால், அதன் இடம் தொடக்கத்திலேயே வணிகக் கணக்கில் இரண்டாவதாகிவிட்டது.

ஆயினும் அந்த இரண்டாம் இடத்திலிருந்து விளைந்த பயன் பெரிது. ஓர் இசைத்தட்டு நிறுவனத்தின் ஆதரவோ வானொலியின் தயவோ இல்லாமல், வாரத்தின் பல இரவுகளில், வெவ்வேறு புறநகர்களில், தங்கள் பெயரைக்கூட அறியாத கூட்டத்தின் முன் ஒரு குழு வாசிக்க முடிந்தது. அக்கூட்டம் இசைக்காக மட்டும் வந்ததன்று. பேச்சிலும் பந்தயத்திலும் அடுத்த கோப்பையிலும் கவனம் கொண்டது. அத்தகையோரைத் திரும்பிப் பார்க்க வைக்காத பாடல் அந்த இரவிலேயே தோற்றது. மறுநாள் அது திருத்தப்பட்டது அல்லது கைவிடப்பட்டது. பப் ராக் பாடல்களில் காணப்படும் இறுக்கமான தாளக்கட்டும், நீண்ட முன்னிசை இன்றி நேரே தொடங்கும் பாங்கும், கூட்டம் ஒருமுறை கேட்டாலே சேர்ந்து பாடக்கூடிய பல்லவியும் இப்பயிற்சியின் பேறு என்று கொள்வதில் தவறில்லை. கிளாஸ்கோவிலிருந்து குடியேறிய குடும்பத்தைச் சேர்ந்த மால்கம் யங், ஆங்கஸ் யங் சகோதரர்கள் 1973இல் சிட்னியில் தொடங்கிய ஏசி/டிசியின் தொடக்கக் காலப் பதிவுகளில் கேட்கும் ஒழுங்கு, ஒலிப்பதிவுக் கூடத்தில் மட்டும் உருவாகியிருக்க இயலாது.

கேட்போரும் இங்கே படைப்பில் பங்கு பெற்றனர். தி ஏஞ்சல்ஸ் குழுவின் புகழ்பெற்ற பாடலொன்றில், பாடகர் கேட்கும் கேள்விக்குக் கூட்டம் சேர்ந்து கூவும் கொச்சையான மறுமொழி குழுவினர் எழுதியதன்று. மதுக்கூடத்து மக்கள் தாமே சேர்த்து, நாடு முழுவதும் பரப்பி, பாடலின் பிரிக்க முடியாத பகுதியாக்கியது. மேடைக்கும் தரைக்கும் இடையே ஓரடி உயரமே இருக்கும் அரங்கில் மட்டுமே இத்தகைய உரிமை கேட்போருக்கு வாய்க்கும். சிட்னியின் வடக்குக் கடற்கரைப் பகுதியில் நரபீன் என்னும் இடத்து மதுக்கூடத்தில் தொடர்ந்து வாசித்த மிட்நைட் ஆயில், அணுஆயுத எதிர்ப்பையும் பழங்குடியினரின் நிலவுரிமையையும் அரசியல் கூட்டங்களுக்கு ஒருபோதும் வராத இளைஞர்களிடம் கொண்டு சென்றது. அதன் பாடகர் பீட்டர் காரெட் 2007இல் நாட்டின் சுற்றுச்சூழல் அமைச்சரானார். இளைஞர்களிடம் அரசியலைக் கொண்டு சென்ற இதையே இம்மரபின் தலைசிறந்த சாதனையாகக் கருத வேண்டும்.

குறைகளுள் முதலாவது காதுக்கு நேர்வது. ஓடு பதித்த சுவரும் தாழ்ந்த கூரையும் ஒலியை உறிஞ்சாமல் திருப்பி எறிய, குடித்தவர்களின் இரைச்சலை மீறக் குழு ஒலியைக் கூட்ட, அதை மீறிப் பேசக் கூட்டம் மேலும் கத்த, ஒலியளவு படிப்படியாக ஏறுகிறது. பணியிடங்களில் 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல் என்பதே பொதுவாக ஏற்கப்பட்ட எல்லை. ஒலி ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் பாதுகாப்பான நேரம் பாதியாகக் குறையும் என்பதால், 100 டெசிபலில் அந்நேரம் வெறும் 15 நிமிடமாகிவிடுகிறது. இசையரங்குகளின் சராசரி ஒலி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என உலக சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்தது. ஒரு பார்வையாளர் மாதத்தில் ஓரிரவு இத்தகைய இரைச்சலுக்கு ஆளாகலாம். மேடையில் நிற்பவரும் கோப்பை ஏந்தி நடக்கும் பணியாளரும் அன்றாடம் ஆளாகின்றனர். உரத்த ஒலியே ராக் இசையின் உயிர் என்று வாதிடுவோர், செவித்திறனை இழந்த கலைஞர் தம் கலையையே இழக்கிறார் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

இரண்டாவது குறை இதினும் கடுமையானது. ஆஸ்திரேலிய மதுக்கூடம் நெடுங்காலம் ஆண்களின் இடமாகவே காக்கப்பட்டது. குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் பொது மதுக்கூடத்தில் பெண்களுக்கு மது வழங்கத் தடை இருந்ததை எதிர்த்து, மெர்ல் தோர்ன்டன், ரோசலி பாக்னர் ஆகிய இருவர் 1965இல் பிரிஸ்பேன் நகர மதுக்கூடமொன்றில் தங்களைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டு போராடினர். தடை நீங்க 1970 வரை ஆயிற்று. சட்டம் மாறிய வேகத்தில் அவ்விடத்தின் இயல்பு மாறவில்லை. டிவைனல்ஸ் குழுவின் கிறிஸ்ஸி ஆம்ஃப்லெட் போன்ற ஆற்றல்மிக்க பாடகிகள் மிகச் சிலரே மேலெழ முடிந்தது. மேடைக்கு முன்னால் நெரியும் கூட்டத்தில் பெண்கள் அத்துமீறலைச் சகித்தபடியே இசை கேட்க வேண்டியிருந்தது. இசைத்துறையில் நிகழும் பாலியல் தீங்குகள் குறித்து 2022இல் வெளியான சுயாதீன ஆய்வறிக்கை, இது கடந்த தலைமுறையின் கதை மட்டுமல்ல என்பதை உறுதிப்படுத்தியது. கலைஞர்களும் மதுவுக்குத் தப்பவில்லை. ஏசி/டிசியின் பாடகர் பான் ஸ்காட் 1980இல் லண்டனில் மிகையான குடியால் இறந்தார். குடியை இசைக்கலைஞரின் வீரமாகச் சித்திரிக்கும் பேச்சு இன்றும் ஓயவில்லை. அது கைவிடப்பட வேண்டிய பேச்சு.

பொருளாதாரம் இவ்விரு குறைகளுக்கும் அடியில் நிற்கிறது. வழக்கமான ஏற்பாட்டில் வாசலில் வசூலாகும் நுழைவுக் கட்டணத்தின் பங்கு குழுவுக்கும், மது விற்பனையின் முழு வருவாய் விடுதிக்கும் சேரும். கூட்டத்தைக் கூட்டிய உழைப்பால் பெருகும் பெருவருவாயில் உழைத்தவருக்குப் பங்கில்லை. இத்தகைய உறவு, அதைவிட இலாபமான ஒன்று வரும்வரை மட்டுமே நீடிக்கும். நியூ சவுத் வேல்ஸில் 1982இன் இறுதியில் வாகன ஓட்டிகளிடம் எழுமாற்றாக மூச்சுச் சோதனை நடத்தும் முறை வந்தபோது, காரில் மட்டுமே சென்றடையக்கூடிய புறநகர்க் கூடங்களின் கூட்டம் மெலிந்தது. பல உயிர்களைக் காத்த அச்சட்டத்தைக் குறை கூறுவதற்கில்லை. 1997இல் அம்மாநில மதுக்கூடங்களிலும் ‘போக்கி’ எனப்படும் சூதாட்ட இயந்திரங்கள் அனுமதிக்கப்பட்டதோ வேறு வகையான அடி. ஊதியம் கேட்காத, அண்டை வீட்டாரை எழுப்பாத, நாள் முழுதும் பணம் ஈட்டும் இயந்திரங்கள் பல கூடங்களில் மேடையிருந்த இடத்தைப் பிடித்தன. இசையை மதுவின் துணைக்கருவியாக மட்டும் மதித்த அமைப்பு அதை இவ்வளவு எளிதாகத் துறந்ததில் வியப்பில்லை.

இசைக்கூடங்கள் மறைவதற்கு எதிர்ப்பு எழுந்த இடம் மெல்பர்ன். இசை நடத்தினாலே அவ்விடத்தை அபாயமிக்கதாக வகைப்படுத்தி, கூடுதல் காவலர்களை அமர்த்தச் சொன்ன உரிம விதிகளால் காலிங்வுட் பகுதியின் ‘தி டோட்’ மதுக்கூடம் 2010 ஜனவரியில் மூடப்பட்டது. அடுத்த மாதம் 23ஆம் நாள் பல்லாயிரம் பேர் நகரில் பேரணி நடத்தினர். கூடம் அவ்வாண்டே மீண்டும் திறந்தது. 2014இல் விக்டோரியா அரசு ஏற்ற திட்டமிடல் கொள்கையின்படி, பழைய இசைக்கூடத்தின் அருகே புதிதாகக் குடியிருப்புக் கட்டுபவரே ஒலித்தடுப்புச் செலவை ஏற்க வேண்டும். இது நியாயமான விதி. பிற நகரங்களும் பின்பற்றத் தக்கது.

ஆனால் இவ்விதி கூடத்தைக் காக்கிறதேயன்றிக் கலைஞரைக் காப்பதில்லை. ஒரு நிகழ்ச்சிக்கு ஒவ்வோர் இசைக்கலைஞருக்கும் குறைந்தது 250 டாலர் தர வேண்டும் என்று அவர்களின் தொழிற்சங்கம் கோருகிறது. அரசு நிதியில் நடக்கும் நிகழ்ச்சிகளுக்குச் சில மாநிலங்கள் அதை ஏற்றுள்ளன. மதுவின் வருவாயில் நடக்கும் தனியார் கூடங்களுக்கும் இக்குறைந்தபட்ச ஊதியம் கட்டாயமாக்கப்பட வேண்டும்.