பாதிக்கப்பட்டவர் இல்லாத மன்னிப்பு

இரட்சிக்கப்பட்ட விசுவாசி பாவம் செய்வானா என்ற கேள்விக்குத் தமிழ்ச் சபைகளில் இப்போது ஒரு சுலபமான பதில் புழங்குகிறது. செய்வான், ஆனால் அது கணக்கில் ஏறாது என்பதுதான் அந்தப் பதில். நேற்றைய பாவம், இன்றைய பாவம், நாளைய பாவம் எல்லாமே சிலுவையில் ஒரே தடவையில் தீர்ந்துவிட்டன. ஆகவே விசுவாசி மன்னிப்புக் கேட்டு அறிக்கை செய்யவேண்டியதில்லை, நன்றி சொன்னால் போதும். எதிர்ப்பவர்கள் இதை ஹைப்பர் கிரேஸ் என்கிறார்கள், போதிப்பவர்கள் தூய கிருபை என்கிறார்கள். சிங்கப்பூர் போதகர் ஜோசப் பிரின்ஸ் 2007-இல் வெளியிட்ட ‘டெஸ்டின்ட் டு ரெய்ன்’ நூல் இந்தப் போதனையை உலகெங்கும் கொண்டுபோனது. யூடியூப் வழியாக அது நம் ஊர் மேடைகளுக்கும் வந்துவிட்டது.

இந்தப் போதனை செய்த நன்மையை மறுப்பதற்கில்லை. நகையைக் கழற்று, சினிமாவை விடு, கோபப்பட்டால் அபிஷேகம் போய்விடும் என்ற மிரட்டலில் வளர்ந்த ஒரு தலைமுறை நம்மிடம் இருக்கிறது. உபவாசக் கூட்டத்துக்குக் கூட்டம் முன்னால் போய் அழுது, மறுபடியும் இரட்சிக்கப்பட்டு, மறுபடியும் விழுந்துவிட்டோமோ என்று இரவில் நடுங்கிய பிள்ளைகள் அவர்கள். கிருபைப் போதனை அவர்களைத் தூங்கவைத்தது. கிறிஸ்தவன் ஒரே சமயத்தில் நீதிமானும் பாவியும் ஆவான் என்று லூதர் 16-ஆம் நூற்றாண்டிலேயே சொன்ன ஆறுதலின் ஒரு பகுதி இதில் இருக்கிறது. அறிக்கையே கூடாது என்று பிரின்ஸ் சொல்வதில்லை, மன்னிப்புப் பெறுவதற்காக அறிக்கை செய்யவேண்டியதில்லை என்றுதான் சொல்கிறார் என்பதையும் நேர்மையாகக் குறிப்பிடவேண்டும்.

ஆனால் இந்தப் போதனையில் பாவம் என்பது விசுவாசிக்கும் தேவனுக்கும் இடையிலான இருவர் விவகாரமாகவே இருக்கிறது. அந்தப் பாவத்தால் அடிபட்ட மூன்றாவது ஆளுக்கு இதில் இடமே இல்லை. என் ஆட்சேபம் முழுவதும் இதுதான். மற்றக் குறைகளை மன்னிக்கலாம், இதை முடியாது.

இவர்களுக்குப் பெரிய தடையாக நிற்பது யோவானின் முதல் நிருபம். பாவத்தை அறிக்கை செய்கிறவனுக்கு மன்னிப்பு உண்டு என்கிறது அதன் முதல் அதிகாரம். இதைத் தாண்டுவதற்கு, அந்தப் பகுதி சபைக்குள் நுழைந்திருந்த ஞானவாதிகளுக்கு எழுதப்பட்டது, விசுவாசிகளுக்கு அல்ல என்று விளக்கம் சொல்கிறார்கள். இரண்டு வசனம் தள்ளிப் படித்தால் இந்த விளக்கம் நிற்காது. இரண்டாம் அதிகாரத்தின் முதல் வசனத்தில் யோவான் தன் வாசகர்களைப் பிள்ளைகள் என்று அழைக்கிறார். பாவம் செய்யாமலிருக்கவே எழுதுகிறேன், யாராவது செய்துவிட்டால் நமக்காகப் பரிந்து பேச ஒருவர் இருக்கிறார் என்ற பொருளில் பேசுகிறார். ‘நமக்காக’ என்று தன்னையும் சேர்த்துக்கொண்டு அவர் பேசுவது விசுவாசிகளிடம் அல்லாமல் வேறு யாரிடம்?

அதே நிருபம், தேவனால் பிறந்தவன் பாவம் செய்யமாட்டான் என்றும் சொல்கிறது. மூன்றாம் அதிகாரம், ஒன்பதாம் வசனம். பூரண பரிசுத்தத்தைப் போதிக்கிறவர்கள் இதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். கிருபைப் போதகர்களோ, பாவம் செய்வது மாம்சம்தான், மறுபடியும் பிறந்த ஆவி செய்வதில்லை என்று விசுவாசியை இரண்டாகப் பிரித்துத் தப்பிக்கிறார்கள். இரு தரப்பும் ஒன்பதாம் வசனத்திலேயே நின்று சண்டை போடுகின்றன. பத்தாம் வசனத்தில் யோவான் சகோதரனை நேசிக்காதவனைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார். பிறகு தம்பியைக் கொன்ற காயீன் வருகிறான். அதன்பின், கையில் பொருள் இருந்தும் இல்லாதவனைப் பார்த்து மனத்தைப் பூட்டிக்கொள்கிறவன் வருகிறான். யோவான் பாவத்தைப் பற்றிப் பேசும்போது அங்கே அடிபட்டவன் ஒருவன் நிற்கிறான். அவனை அப்புறப்படுத்திவிட்டு, விசுவாசி பாவம் செய்வானா மாட்டானா என்று விவாதிப்பதில் என்ன பொருள் இருக்கிறது?

கேள்விக்கு நேரடியான பதில் அந்தியோகியாவில் இருக்கிறது. பெந்தெகொஸ்தே நாளில் ஆவியைப் பெற்றவர் பேதுரு, அன்றே ஆயிரக்கணக்கானோருக்குப் பிரசங்கித்தவர். அந்தப் பேதுரு அந்தியோகியா சபையில் யூதரல்லாத விசுவாசிகளோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து யாக்கோபின் ஆட்கள் வந்ததும் பயந்து எழுந்து தனியாகப் போனார். கலாத்தியர் இரண்டாம் அதிகாரம் சொல்லும் செய்தி இது. இரட்சிக்கப்பட்டபின் பாவம் செய்ய முடியுமா என்றால் முடியும், அப்போஸ்தலரே செய்தார், அதுவும் சாப்பாட்டுப் பந்தியில். பவுல் என்ன செய்தார்? கிருபையைப் பவுலைவிட அதிகம் பேசியவர் யார்? கலாத்தியர் நிருபமே கிருபைக்காக எழுதப்பட்டதுதான். அதே நிருபத்தில்தான், எல்லார் முன்னிலையிலும் பேதுருவை முகத்துக்கு நேராகக் கண்டித்ததாக அவர் எழுதுகிறார். அந்தப் பாவம் சிலுவையில் முன்பே தீர்ந்துவிட்டது என்று பேசாமல் இருக்கவில்லை. பந்தியில் விடப்பட்டவர்கள் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் அது பேசப்பட்டாகவேண்டியிருந்தது.

கிருபை பற்றிய உலகப் புகழ்பெற்ற பாடல் ‘அமேசிங் கிரேஸ்’. அதை எழுதிய ஜான் நியூட்டனின் வாழ்க்கையைக் கிருபைப் போதகர்கள் பாதி மட்டும் சொல்கிறார்கள். அடிமை வியாபாரி மனந்திரும்பினான், பாடல் எழுதினான் என்பதோடு கதை முடிந்துவிடுகிறது. 1748-இல் அட்லாண்டிக் புயலில் கப்பல் மூழ்கும் நிலையில் அவர் தேவனைத் தேடினார். அதற்குப் பிறகுதான் 1750 முதல் 1754 வரை அடிமைக் கப்பல்களின் கேப்டனாக ஆப்பிரிக்காவுக்குப் போனார். மேல்தளத்தில் மாலுமிகளுக்கு ஜெபம் நடத்தினார், அடித்தளத்தில் மனிதர்கள் விலங்கில் கிடந்தார்கள். தொழிலை நிறுத்தியதும் உடல்நலக் குறைவால்தான். அந்த ஆண்டுகளில் தான் முழு விசுவாசியாக இல்லை என்று பிற்காலத்தில் அவர் கருதினார் என்பது உண்மை. அப்படியே வைத்துக்கொண்டாலும், 1764-இல் குருவானவரானார், 1773 புத்தாண்டுப் பிரசங்கத்துக்காக அந்தப் பாடலை எழுதினார். அடிமை வியாபாரத்தைக் கண்டித்து, தன் பங்கை ஒப்புக்கொண்டு பிரசுரம் வெளியிட்டது 1788-இல்தான். கிருபையைப் பாடிப் பதினைந்து ஆண்டுகள் கழித்து. அந்த அறிக்கை மிகத் தாமதமாக வந்தது என்று அவரே அதில் சொல்கிறார். ஆனாலும் வந்தது. நாடாளுமன்றக் குழுவின் முன் போய், கப்பலில் என்ன நடந்தது என்று சொன்னார். இன்றைய போதனையின்படி அந்தப் பிரசுரத்துக்குத் தேவையே இல்லை. 1748-லேயே எல்லாம் தீர்ந்துவிட்டதே!

நம் விஷயத்துக்கு வருவோம். கிறிஸ்தவப் பத்திரிகைகளின் மணமக்கள் தேவை பகுதியைப் பாருங்கள். மணமகன் இரட்சிக்கப்பட்டவர், ஞானஸ்நானம் பெற்றவர், ஜெபிக்கிறவர் என்று இருக்கும். அதே விளம்பரத்தில் சாதியும் உட்பிரிவும் இருக்கும். இந்த விசுவாசி எப்போதாவது ஒரு சாட்சிக் கூட்டத்தில் எழுந்து, இரட்சிக்கப்பட்ட பிறகும் நான் சாதி பார்க்கிறேன், என்னால் இன்னார் வீடு அவமானப்பட்டது என்று சொன்னதுண்டா? சாட்சியில் குடி வரும், சீட்டாட்டம் வரும், பீடி வரும். எல்லாம் இரட்சிப்புக்கு முந்தியவை. அதற்குப் பிந்தியது வருவதே இல்லை.

சபைக்குள் சாதி பார்ப்பது புதிதல்ல. வடக்கன்குளம் கத்தோலிக்கர்கள் 1872-இல் ஒரு கோயில் கட்டினார்கள். பீடத்திலிருந்து இரண்டு கைகளாகப் பிரியும் கோயில் அது. வெள்ளாளர் ஒரு கையில், நாடார் முதலிய மற்றவர்கள் இன்னொரு கையில். இரு சாராரும் ஒரே பூசையைப் பார்க்கலாம், ஒருவரை ஒருவர் பார்க்கவேண்டியதில்லை. நடுவில் இருந்த தடுப்பு 1910-இல்தான் இடிக்கப்பட்டது. இடித்ததை எதிர்த்து வழக்குப் போட்டவர்கள் சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். ஆ. சிவசுப்பிரமணியனின் ‘கிறித்தவமும் சாதியும்’ இந்த வரலாற்றை விரிவாகச் சொல்கிறது.

கத்தோலிக்கரிடம் பாவசங்கீர்த்தனம் இருந்ததே, அது ஏன் அந்தத் தடுப்பை இடிக்கவில்லை என்று கிருபைப் போதகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. குருவின் காதில் சொல்லப்பட்டதும் பாதிக்கப்பட்டவரின் காதுக்குப் போகவில்லை, அதனால்தான் இடிக்கவில்லை. சிஎஸ்ஐ சபையில் ஞாயிறுதோறும் சேர்ந்து சொல்லும் பாவ அறிக்கையும் பல இடங்களில் உதட்டோடு நின்றுவிடுகிறது. பழைய அறிக்கை முறை பழுதானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பழுதான கதவைச் சரிசெய்யாமல் அந்த இடத்தில் சுவர் எழுப்புவதை எப்படி ஒப்புக்கொள்வது? குறைந்தபட்சம், நான் செய்தது தவறு என்று வாயைத் திறந்து சொல்லும் பழக்கமாவது அந்த முறையில் மிஞ்சியிருந்தது. இப்போது அதையும் விசுவாசக் குறைவு என்கிறார்கள்.

கிருபையில் வளர்ந்தவன் தானாகவே சரியானதைச் செய்வான், கட்டாயப்படுத்துவது நியாயப்பிரமாணத்துக்குத் திரும்புவது என்பது இவர்களின் கடைசி வாதம். சகேயுவை யாரும் கட்டாயப்படுத்தவில்லை, உண்மைதான். ஆனால் சகேயு செய்தது என்ன? சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகச் சொன்னான். தன்னிடம் ஏமாந்த ஆட்களுக்கு நான்கு மடங்கு திருப்பிக் கொடுப்பதாக எல்லார் முன்னிலையிலும் சொன்னான். அதன்பின்தான் இயேசு அந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்று அறிவித்தார். எந்தக் கிருபைப் பிரசங்கத்தில் இந்த நான்கு மடங்கைப் பற்றிப் பேச்சு வருகிறது? அந்தச் சபைகளில் வட்டிக்கு விட்டவர் இருக்கிறார், தம்பியின் பங்கை எழுதி வாங்கியவர் இருக்கிறார், வேலைக்காரிக்குக் கூலி பாக்கி வைத்தவர் இருக்கிறார். நீ நீதிமானாக்கப்பட்டவன் என்று வாரந்தோறும் அவர்களுக்குச் சொல்கிறார்கள். அந்த வேலைக்காரிக்கு என்ன சொல்கிறார்கள்?

விசுவாசி இரட்சிக்கப்பட்ட பிறகும் பாவம் செய்கிறான். வேதமும் வரலாறும் இதில் சந்தேகம் வைக்கவில்லை. தேவன் அவனை மன்னிக்கிறார் என்பதையும் நான் முழு மனதோடு நம்புகிறேன். ஆனால் தேவனுடைய மன்னிப்பைக் காட்டி, அயலானிடம் பட்ட கடனைத் தள்ளுபடி செய்யும் அதிகாரம் எந்தப் பிரசங்கிக்கும் இல்லை. பலிபீடத்தில் காணிக்கை வைக்க வந்தவனையே, முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்று திருப்பி அனுப்பியவர் இயேசு. அப்படித் திருப்பி அனுப்பத் தைரியமில்லாத மேடை கிருபையைப் பற்றி எவ்வளவு பேசினாலும், பேசுவது தவறு செய்தவனின் வசதிக்காகத்தான்.