தளர்ந்த கம்பியின் கனம்

பனமரத்துப்பட்டிப் பக்கம் போர் போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டி வந்து கம்ப்ரெசரை முடுக்கினால், சத்தம் காதுக்கு வருமுன் காலுக்கு வந்துவிடும். திண்ணையில் வைத்த சொம்புத் தண்ணீர் நடுங்கும். பிளாக் சபாத் குழுவின் 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' அந்த ஜாதிச் சத்தம். 1971இல் வந்த ஆல்பம். 8 உருப்படிகள், சுமார் 34 நிமிடம். ஸ்டோனர் டூம் மெட்டல் என்று பின்னாளில் பெயர் வாங்கிய இசைக்கு ஊற்றுக்கண் இதுதான்.

அந்தக் கனம் வந்தது ஒரு காயத்தால். கிட்டார் வாசித்த டோனி ஐயோமி 17 வயதில் பர்மிங்ஹாமில் தகடு வெட்டும் ஆலையில் வேலை பார்த்தார். வேலையை விட்டு நிற்கிற கடைசி நாளில், வலது கை நடுவிரலும் மோதிரவிரலும் நுனி இழந்தன. அவர் இடக்கைக்காரர், கம்பியை அழுத்தும் கையே போயிற்று. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து, மேலே தோல் ஒட்டிக்கொண்டு மறுபடி வாசித்தார். சேலத்து லேத் பட்டறைகளில் கேட்டால் இப்படி ஒரு விரல் கதையாவது கிடைக்கும்.

விறைப்பான கம்பியை அந்த விரல் தாங்காது. ஆகவே இந்த ஆல்பத்தில் கம்பியைத் தளர்த்தினார். நம் கணக்கில் சொன்னால், 3 கட்டையில் இருந்த அடிக்கம்பி ஒன்றரைக் கட்டைக்கு இறங்கியது. பேஸ் வாசித்த கீஸர் பட்லரும் கூடவே இறங்கினார். பறையைத் தீயில் காய்ச்சி விறைப்பேற்றினால் அடி 'சுள்'ளென்று தெறிக்கும். இங்கே நடந்தது நேர் எதிர். உருமியின் தோலை வளைகுச்சி தேய்க்கும்போது எழும் உறுமல்தான் இதற்குக் கிட்டத்து உறவு.

மெதுவாக வாசித்தாலே டூம் ஆகிவிடும் என்று நினைப்பவர்கள் கிரிக்கெட்டைப் பார்க்கலாம். ஸ்லோ பால் பலிப்பது, கை அதே வேகத்தில் சுற்றுவதால். கை தொய்ந்தால் பந்து சிக்ஸர்தான். டிரம்மர் பில் வார்டு அடியின் பலத்தைக் குறைப்பதில்லை, இடைவெளியை மட்டும் அகட்டுகிறார். அடுத்த அடி எங்கே விழும் என்று காத்திருக்கும் அந்த அரை நொடியில்தான் பாரம் ஏறுகிறது. 'இன்டு தி வாய்ட்' பாட்டில் அவரே திணறினாராம், பலமுறை பதிவு செய்தும் சரிப்படவில்லையாம். கேட்டால் தெரியாது.

ஆசி ஆஸ்பர்னின் குரல் எனக்கு எப்போதும் புதிர். கிட்டார் போகிற தடத்திலேயே பல இடங்களில் பின்தொடர்கிறது. சங்கதி என்று எதுவும் கிடையாது. ஆனால் தவிலுக்கு மேலே நாயனம் போல, அடித்தளச் சத்தத்துக்கு மேலே மெல்லியதாக, கொஞ்சம் பரிதாபமாக மிதக்கிறது. கனத்த குரல் இருந்திருந்தால் சத்தத்தோடு சத்தமாய்ப் புதைந்திருக்கும்.

வரிகளுக்கு வருவோம். முதல் பாட்டு 'ஸ்வீட் லீஃப்' ஐயோமியின் இருமலோடு தொடங்குகிறது. கஞ்சாவைக் காதலி போல விளித்துப் பாடும் பாட்டு. கிட்டார் ரிஃப் அபாரம், வரி அசட்டுத்தனம். பிற்காலத்தார் பிடித்துக்கொண்டது இதைத்தான். அமெரிக்காவின் ஸ்லீப் குழு 'டோப்ஸ்மோக்கர்' என்று ஒரே பாட்டை ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுத்தது. அதுவும் புகை யாத்திரைதான். பெங்களூரு பெவர் ஸீ குழு 2012இல் வெளியிட்ட முதல் ஆல்பத்தில் 'அபிஷ்டு' என்றே ஒரு பாட்டு உண்டு. குழுவின் பெயரும் கன்னட வசவைத் திருகியதுதான். இந்த நக்கல் எனக்குப் பிடித்திருக்கிறது, இரவல் புகையைவிட.

மூல ஆல்பத்தில் மிச்சமிருந்ததை யாரும் அவ்வளவாகச் சீந்தவில்லை. பெரும்பாலான வரிகளை எழுதிய பட்லர் கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளை. 'ஆஃப்டர் ஃபாரெவர்' கடவுளை நம்பாதவனை மடக்கிக் கேள்வி கேட்கிறது. 'சில்ட்ரன் ஆஃப் தி கிரேவ்' அணுகுண்டுக்குப் பயந்த தலைமுறையின் போராட்டப் பாட்டு. 'சாலிட்யூட்' முழுக்கப் புல்லாங்குழலும் தனிமையும். சாத்தான் பக்தர்கள் என்று திட்டு வாங்கிய குழு இது!

கடைசிப் பாட்டு 'இன்டு தி வாய்ட்'. பாழாக்கிய பூமியை விட்டு ராக்கெட்டில் கிளம்பும் மனிதர்கள். சீமைக் கருவேலம் மண்டிய எங்கள் ஏரியைப் பார்த்தபடி இதைக் கேட்டேன். பாட்டு முடிந்து ஹெட்போனைக் கழற்றினால் ரிக் வண்டிச் சத்தம் அதே சுருதியில் தொடர்கிறது. குழாய் இறங்கிக்கொண்டே இருக்கிறது. மேலே வருவது இன்னும் புகைதான்.